இருபது லட்ச ரூபாய் பெஞ்ச்

2018 டிசம்பர் 18, ஜெய்ப்பூர். ஐபிஎல் ஏலம். சென்னை சூப்பர் கிங்ஸ் மேஜையில் 8.4 கோடி ரூபாய் இருந்தது. அணியில் காலியாக இருந்தது இரண்டே இடம்.

அந்த வருஷம் டிஎன்பிஎல் பார்த்தவர்களுக்கெல்லாம் மனதில் ஒரே பெயர்தான். வருண் சக்கரவர்த்தி. ஆர்க்கிடெக்சர் படித்தவர். மதுரை பாந்தர்ஸுக்காக அவர் வீசிய பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த சீசன் இறுதி ஆட்டத்தில் மதுரையிடம் தோற்றது நம்ம திண்டுக்கல் டிராகன்ஸ். தோற்ற கடுப்பிலும், 'இந்தப் பையனை சிஎஸ்கே எடுத்துடும்' என்பதில் நம் ஊர்க்காரர்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

எடுக்கவில்லை. பஞ்சாப் எடுத்தது, சென்னை அன்று கொண்டுவந்த மொத்தப் பணத்துக்குச் சமமான 8.4 கோடிக்கு. சென்னை வாங்கியது இரண்டு பேரை. ஏற்கெனவே இங்கே ஆடிவிட்டுப் போன மோகித் சர்மா, 5 கோடி. அப்புறம் புனேயிலிருந்து ஒரு பையன், அடிப்படை விலையான 20 லட்சத்துக்கு. 'திரும்பவும் பழைய ஆளா? கூட யாருன்னே தெரியாத ஒருத்தனா?' என்பதுதான் அன்றைய ரசிகர்களின் குரல்.

அந்த யாரென்றே தெரியாத பையன்தான் ருதுராஜ் கெய்க்வாட். 2021இல் 635 ரன் எடுத்து ஆரஞ்சு தொப்பி வாங்கினார், 2024இல் கேப்டன் ஆனார். வருணுக்குப் பஞ்சாபில் கிடைத்தது ஒரே ஒரு ஆட்டம். காயம், பிறகு விடுவிப்பு. அவர் வருண் சக்கரவர்த்தியாக ஆனதெல்லாம் அதற்கப்புறம் கொல்கத்தாவில்.

ஆக, கணக்குப்படி பார்த்தால் அன்று சிஎஸ்கே செய்தது சரி. ஐந்து கோப்பைகள் (2010, 2011, 2018, 2021, 2023) இருக்கின்றன சாட்சிக்கு. அப்படியும் ஒவ்வொரு மார்கழியிலும், சென்னை சபாக்களில் கச்சேரி நடக்கும்போது, நமக்கு இந்த ஏலக் கோபம் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. ஜெயித்துக்கொண்டே இருக்கும் அணியின் ரசிகனுக்கு எதற்கு இவ்வளவு ஆற்றாமை? இதைக் கொஞ்சம் வரலாறாகவே பார்த்தால் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

1

அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களுக்கும் இதே வியாதி உண்டு. ஆட்டம் இல்லாத குளிர்காலத்தில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து 'நம்ம டீம் யாரை எடுக்கும்?' என்று பேசுவதற்கு 'ஹாட் ஸ்டவ் லீக்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே சம்பளத்துக்குக் கறாரான உச்சவரம்பு கிடையாது. ஆகவே நல்ல ஆளை எடுக்காவிட்டால் நேராக முதலாளியின் சட்டைப்பையைத் திட்டலாம். ஐபிஎல்லில் அந்த வசதி இல்லை. எல்லா அணிக்கும் ஒரே உச்சவரம்பு. கஞ்சன் என்று திட்ட முடியாது. திட்டினால் புத்தியைத்தான் திட்டவேண்டும். அதனால்தான் இங்கே கோபம் இவ்வளவு தனிப்பட்டதாக இருக்கிறது.

அந்த உச்சவரம்பை முதன்முதலில் சரியாகப் புரிந்துகொண்டது சென்னைதான். 2008 பிப்ரவரி 20, மும்பையில் முதல் ஏலம். ஒவ்வோர் அணிக்கும் 50 லட்சம் டாலர். மும்பைக்குச் சச்சின், கொல்கத்தாவுக்குக் கங்குலி, பெங்களூருக்கு டிராவிட், பஞ்சாபுக்கு யுவராஜ், டெல்லிக்குச் சேவாக் என்று 'ஐகான்' வீரர்கள் ஏலத்துக்கு முன்பே ஒதுக்கப்பட்டிருந்தார்கள். விதி என்னவென்றால், அணியில் அதிக விலைக்குப் போகும் வீரரைவிட ஐகானுக்கு 15 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கவேண்டும்.

சென்னைக்கு ஐகான் இல்லை. குறையாகத் தெரிந்த இதுதான் சென்னையின் பலம். சென்னை மேஜையில் இருந்தவர் வி.பி. சந்திரசேகர், 1988 இரானி கோப்பையில் 56 பந்தில் சதம் அடித்த தொடக்க ஆட்டக்காரர். தோனிக்கு ஏலம் ஏறஏற, ஐகான் வைத்திருந்த அணிகளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு மீட்டர் ஓடியது. 15 லட்சம் டாலருக்குத் தோனியை மும்பை எடுத்திருந்தால் சச்சினுக்கு 17.25 லட்சம் கொடுத்திருக்கவேண்டும். இரண்டு பேருக்கே 32.25 லட்சம். மிச்சப் பணத்தில் அணி கட்ட முடியாது. சென்னைக்கு அந்தச் சிக்கல் இல்லை. 15 லட்சத்துக்குத் தோனி வந்தார்.

மொத்தப் பணத்தில் 30 சதவீதத்தை ஒரே ஆள்மீது வைத்த சூதாட்டம் அது. 'சிஎஸ்கேன்னா சேஃப்பா ஆடுவாங்க' என்று இன்று சொல்கிறோமே, அந்த அணி அன்றைய ஏலத்திலேயே பெரிய ரிஸ்க் எடுத்துத்தான் பிறந்தது. அப்புறம் நடந்ததெல்லாம் அந்த முதலுக்கு வந்த வட்டியை வைத்துக் குடும்பம் நடத்தியதுதான்.

2

இந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சென்னையின் லீக் கிரிக்கெட் வரை போகவேண்டும். ஐபிஎல்லுக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே இங்கே கம்பெனிகள் கிரிக்கெட் வீரர்களுக்கு வேலை கொடுத்தன. இந்தியா சிமெண்ட்ஸ், கெம்பிளாஸ்ட், எம்ஆர்எஃப், ஸ்டேட் பாங்க். ராகுல் டிராவிட் இந்தியா சிமெண்ட்ஸ் ஊழியர், பிறகு தோனியும். இந்த மரபில் வீரர் என்பவர் சந்தைச் சரக்கு அல்ல, கம்பெனி ஆள். ஒரு மாதம் சரியாக ஆடாவிட்டால் துரத்த மாட்டார்கள். அதே சமயம், புது ஆள் வந்தால் சீனியர் நகரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த மரபின் உச்சம் 2018. இரண்டு வருஷத் தடை முடிந்து திரும்பிய சிஎஸ்கே, ஜனவரியில் பெங்களூரு ஏலத்தில் வாட்சன், ராயுடு, ஹர்பஜன், இம்ரான் தாஹிர் என்று முப்பதைத் தாண்டியவர்களாகப் பார்த்து எடுத்தது. நம்ம ஊர் அஷ்வினை விட்டுவிட்டது. 7.6 கோடிக்குப் பஞ்சாப் போனார். 'டாடீஸ் ஆர்மி' என்று கேலி செய்தார்கள். மே 27 இறுதி ஆட்டத்தில் 36 வயது வாட்சன் முதல் பத்துப் பந்தில் ரன்னே எடுக்காமல் நின்று, 57 பந்தில் 117 அடித்துக் கோப்பையைக் கையில் கொடுத்தார். 2.2 கோடிக்கு வாங்கிய ராயுடு அந்த சீசனில் 602 ரன்.

கேலி செய்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் தொழிலில் ஒரு வேதவாக்கு உண்டு: புரொடக்‌ஷனில் ஓடிக்கொண்டிருக்கும் கோடைத் தொடாதே. நல்ல அறிவுரைதான். ஆனால் அந்த கோடு ஏன் ஓடுகிறது என்று தெரிந்தவர் ஆபீஸிலேயே ஒருத்தர்தான் என்றால், அவர் வேலையில் இருக்கும்வரைதான் அது நல்ல அறிவுரை. சிஎஸ்கேயில் அந்த ஒருத்தர் யாரென்று சொல்லத் தேவையில்லை.

3

இப்போது திண்டுக்கல் பக்கம் வருவோம். சிஎஸ்கே தடையில் இருந்த 2016இல்தான் டிஎன்பிஎல் தொடங்கியது. நத்தத்தில் என்பிஆர் கல்லூரி மைதானத்தில் ஃப்ளட்லைட் எரிந்தது. சுற்றிலும் மலை, மாந்தோப்பு. அதுவரை டிவியில் மட்டும் பார்த்த கிரிக்கெட் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற தூரத்துக்கு வந்தது. நடராஜன் முதல் சீசனில் திண்டுக்கல் டிராகன்ஸ் சட்டையில்தான் வீசினார். அடுத்த பிப்ரவரியிலேயே 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் பஞ்சாப் எடுத்தது. அதிலிருந்துதான் நமக்கு ஒரு நினைப்பு வந்தது: இங்கே ஆடினால் அங்கே போகலாம். அந்த 'அங்கே' நமக்குச் சேப்பாக்கம்தான்.

நாராயண் ஜெகதீசன் கோவைக்காரர். ஆனால் டிராகன்ஸுக்கு ஆடியதால் நமக்கு ஊர்ப் பிள்ளை. 2018இல் 20 லட்சத்துக்கு சிஎஸ்கே வாங்கியபோது அந்த நினைப்பு பலித்தது என்றுதான் நினைத்தோம். 2018இல் ஆட்டம் இல்லை. 2019இலும் இல்லை. 2020 அக்டோபர் 10, துபாயில் பெங்களூருக்கு எதிராக இறங்கி 28 பந்தில் 33 எடுத்தார். அடுத்த ஆட்டத்தில் ஆள் இல்லை.

அதே மாதம் 19ஆம் தேதி, ராஜஸ்தானிடம் தோற்ற பிறகு, இளைஞர்களை உள்ளே கொண்டுவரும் அளவுக்கு அவர்களிடம் ஒரு 'ஸ்பார்க்' தெரியவில்லை என்ற பொருளில் தோனி பேசினார். ஐபிஎல் வரலாற்றில் சிஎஸ்கே ரசிகர்கள் தோனிமீதே கோபப்பட்ட தருணம் அது. தமிழ் வர்ணனையில் ஸ்ரீகாந்த் பொரிந்து தள்ளினார். கேதார் ஜாதவிடம் எந்த ஸ்பார்க்கைக் கண்டீர்கள் என்பது அவர் கேள்வி. வாட்ஸப் குரூப்களில் எழுதத் தயங்கியதை அவர் டிவியில் சொன்னார்.

சாய் கிஷோர் கதை இதைவிட மோசம். 2019 சையது முஷ்டாக் அலி தொடரில் 20 விக்கெட், அந்தத் தொடரிலேயே அதிகம். அந்த டிசம்பரில் 20 லட்சத்துக்கு சிஎஸ்கே எடுத்தது. 2020, 2021 இரண்டு சீசன், ஒரு பந்துகூட வீசவில்லை. 2022இல் குஜராத் 3 கோடி கொடுத்து வாங்கி, ஆடவைத்து, அந்த வருஷமே கோப்பையும் வாங்கியது. அதே ஏலத்தில் டிராகன்ஸ் கேப்டன் ஹரி நிஷாந்த்தை 20 லட்சத்துக்கு எடுத்தார்கள். அவருக்கும் பெஞ்ச்தான்.

கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. நம் பையன்களை சிஎஸ்கே வாங்கவில்லை என்பதல்ல குற்றச்சாட்டு. வாங்கியது. வாங்கி உட்காரவைத்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று முருங்கைக்காயை மூட்டை மூட்டையாக ஏலத்தில் எடுத்துவிட்டு, லாரியில் ஏற்றாமலே வைத்திருந்தால் என்ன ஆகும்? வாங்கியவருக்கு 20 லட்சம் ஒரு பெரிய நஷ்டமில்லை. வயது போவது பையனுக்கு. சிஎஸ்கேயின் கஞ்சத்தனம் பணத்தில் இல்லை, வாய்ப்பில்.

2022 நவம்பர் 15இல் ஜெகதீசனை விடுவித்தார்கள். ஐந்து சீசனில் ஏழே ஆட்டம். ஆறு நாள் கழித்து, விஜய் ஹசாரே கோப்பையில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277 அடித்தார். லிஸ்ட் ஏ கிரிக்கெட்டில் உலக சாதனை. தொடர்ச்சியாக ஐந்தாவது சதம். அன்று அவரோடு தொடக்க ஜோடியாக 416 ரன் சேர்த்தவர் சாய் சுதர்சன். அந்த வருஷம் அவரையும் 20 லட்சத்துக்கு வாங்கியிருந்தது குஜராத்தான். அடுத்த மே மாதம் அகமதாபாத் இறுதி ஆட்டத்தில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்தார். அந்தக் கோப்பையைச் சென்னைதான் வென்றது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள், அன்று ஒரு சென்னைப் பையன் நம்மைப் பயமுறுத்திக்கொண்டிருந்தான்.

4

ரசிகன் பக்கம் மட்டும் நியாயம் என்று சொல்ல முடியாது. ஜெகதீசனை 90 லட்சத்துக்கு எடுத்த கொல்கத்தா, ஆறு ஆட்டம் ஆடவைத்துப் பார்த்துவிட்டு அடுத்த வருஷமே விட்டுவிட்டது. பிறகு 2025இல் பந்த்தின் காயத்தால் இந்திய டெஸ்ட் அணிக்கே அழைப்பு வந்தது. அவர் எவ்வளவு நல்ல ஐபிஎல் வீரர் என்பதற்கு இன்றுவரை யாரிடமும் பதில் இல்லை. ஜடேஜாவும் தாஹிரும் இருக்கும்போது சாய் கிஷோரை எங்கே நுழைப்பது என்ற கேள்வியும் நியாயமானதுதான்.

நாமும் ஒரே பேச்சாக இருந்ததில்லை. 2022 பிப்ரவரியில் சுரேஷ் ரெய்னாவை யாருமே வாங்காதபோது, 'கிழவர்களை விடுங்கப்பா' என்று சொன்ன அதே வாய்தான் 'சின்ன தலயைக் கைவிட்டுட்டாங்க' என்று அழுதது. விசுவாசமும் வேண்டும், புது ரத்தமும் வேண்டும். 2011 இறுதி ஆட்டம் நமக்குள் போட்டுவைத்த ஆசை அது. சேப்பாக்கத்தில் முரளி விஜய் 95, அஷ்வின் முதல் ஓவரிலேயே கெயிலை டக் அவுட். கோப்பையும் நம்முடையது, ஆட்களும் நம் ஆட்கள். தொடக்க ஆண்டுகளில் ஒவ்வோர் அணியும் தன் பகுதி வீரர்களைச் சேர்த்தாகவேண்டும் என்ற விதி இருந்தது. பிறகு அது போய்விட்டது. அந்த விதி செய்ததை விருப்பத்தோடு செய்ய யாரும் இல்லை.

சிஎஸ்கேயின் வரலாற்றில் இன்னொரு வடிவம் தெரிகிறது. ருதுராஜ் எப்போது ஆடினார்? 2019 முழுக்க பெஞ்ச். 2020இல் ஆரம்பத்தில் சொதப்பல். பிளேஆஃப் கனவு கலைந்த கடைசி மூன்று ஆட்டத்தில் வரிசையாக மூன்று அரைசதம். சிஎஸ்கே தன் எதிர்காலத்தைக் கண்டுபிடித்தது தோற்ற வருஷத்தில்தான். இழப்பதற்கு எதுவும் இல்லை என்றான பிறகுதான் பெஞ்சிலிருந்து ஆளை எழுப்புகிறது.

2025இலும் அதேதான். 2024 நவம்பரில் ஜெட்டா ஏலத்தில் 9.75 கோடிக்கு அஷ்வின் வீடு திரும்பினார். விஜய் சங்கர், ராகுல் திரிபாதி, தீபக் ஹூடா வந்தார்கள். நாற்பதைத் தாண்டிய தோனி 'அன்கேப்ட்' வீரராக 4 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டார். பத்து அணிகளில் பத்தாவது இடம், அணியின் வரலாற்றில் முதல்முறை. சீசன் கைவிட்டுப் போன பிறகு மாற்று வீரர்களாக 17 வயது ஆயுஷ் மாத்ரேயும், பிரெவிஸும், உர்வில் படேலும் வந்தார்கள். வந்ததும் அடித்தார்கள். நிதானத்துக்கு ஆதாரமாக இருந்த ஆளுக்கும் வயதாகும் என்பதை அணி ஒத்துக்கொள்ள ஒரு கடைசி இடம் தேவைப்பட்டது.

அதற்கப்புறம் குணம் தலைகீழ். 2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரணையும் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். டிசம்பர் ஏலத்தில் இந்தியாவுக்கு ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் தலா 14.2 கோடி. இதில் ஒருவரும் தமிழ்நாட்டுப் பையன் இல்லை என்று அடுத்த நிமிஷமே குரல் எழுந்தது. எழத்தான் செய்யும். ஆனால் இந்த இரண்டு பேரையும் விலையை வைத்து அளக்காதீர்கள், ஆட்டங்களை வைத்து எண்ணுங்கள். முதல் நான்கு ஆட்டம் சொதப்பினால் ஐந்தாவதில் இருப்பார்களா? அதைப் பொறுத்துத்தான் அணி மாறியதா இல்லையா என்று தெரியும்.

இதற்கு நடுவில், 2025 ஜூலை 6 அன்று, டிஎன்பிஎல் இறுதி ஆட்டம் நத்தத்திலேயே நடந்தது. முந்தைய வருஷம் கோப்பை வென்ற டிராகன்ஸுக்கு அஷ்வின் கேப்டன். எதிரே திருப்பூர் தமிழன்ஸ், கேப்டன் சாய் கிஷோர். திருப்பூர் 220 அடித்தது. திண்டுக்கல் 102க்குச் சுருண்டது. சொந்த மண்ணில் 118 ரன் வித்தியாசத்தில் தோல்வி. கோப்பையைக் கையில் வாங்கியவர், சிஎஸ்கே மஞ்சள் சட்டையில் இரண்டு வருஷம் ஒரு பந்துகூட வீசாமல் உட்கார்ந்திருந்தவர்.