மலையேறிய புத்தகங்கள் யாருக்கு?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பழைய வாத்தியாரின் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானல் வரலாறு என்றதும் 1845-இல் அமெரிக்க மிஷன்காரர்கள் கட்டிய முதல் பங்களாக்கள், லெவிஞ்ச் துரை வெட்டிய ஏரி என்று ஆரம்பிப்போம். அந்த மலைக்குப் புத்தகம் எப்படி வந்தது, யாருக்காக வந்தது என்று கேட்டுப் பார்த்தால் வேறொரு வரலாறு கிடைக்கும்.

மோட்டார் சாலை வருவதற்கு முன்பு பெரியகுளம் பக்கத்திலிருந்து மலைப்பாதையில்தான் ஏற வேண்டும். துரைமார் டோலியிலும் குதிரையிலும் போனார்கள். சாமான்கள் ஆள் தலையிலும் பொதிமாட்டின் முதுகிலும் ஏறின. 1895-இல் செண்பகனூரில் சேசு சபையார் கல்லூரி தொடங்கினார்கள். அங்கே பெரிய நூலகமும், மதுரை மிஷனின் பழைய கடிதங்களைக் காக்கும் ஆவணக் காப்பகமும் வளர்ந்தன. 1899-இல் சென்னை வானாய்வகத்தின் பணி கொடைக்கானலுக்கு மாறியது. அதன் பழைய நூல்களும் கூடவே மலையேறின. 1887-இல் வெள்ளைக்காரர்களுக்கென்று ஒரு கிளப், 1901-இல் மிஷனரி பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி. அந்தக் காலத்தில் இவ்வளவு சின்ன ஊரில் இவ்வளவு புத்தகம் சேர்ந்தது பெரிய விஷயம்தான்.

ஆனால் அவையெல்லாம் குருமாருக்கும், விஞ்ஞானிகளுக்கும், உறுப்பினர்களுக்கும் உரியவை. சுமந்து வந்தவருக்கு அங்கே வேலை உண்டு, நாற்காலி கிடையாது. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், தாண்டிக்குடி மக்கள் புத்தகத்துக்கு உள்ளே இருந்தார்கள். நெல்சன் 1868-இல் எழுதிய மதுரை நாட்டு நூலிலும், பிரான்சிஸ் 1906-இல் எழுதிய மதுரை மாவட்ட கெசட்டியரிலும் பழனி மலையைப் பற்றிய செய்திகள் இருக்கின்றன. மலையில் வாழும் குன்னுவர், பளியர் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்கள் கைக்கு அந்தப் புத்தகம் போகவில்லை.

இந்த நிலையை மாற்ற வந்த சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-இல் வெளிவந்த அவருடைய நூலக விதிகள் ஐந்தில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு வேண்டிய நூல் கிடைக்க வேண்டும் என்பதன் சாரம். அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூலகம் ஓட்டினார். ஆள் புத்தகத்தைத் தேடிப் போன காலத்தில், புத்தகம் ஆளைத் தேடி வந்தது.

1948-இல் அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் இப்படி ஒரு மாகாணச் சட்டம் அதுதான் முதல். 1950 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டு வரி ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆறு பைசா நூலக வரி. அது பழைய பைசா. ஒரு ரூபாய்க்கு 192 பைசா என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அதாவது அரை அணா வரும். சென்னை நகரம் தவிர்த்த மாவட்டங்களில், வசூலாகும் தொகைக்குக் குறையாமல் அரசும் தர வேண்டும். கூரை வீட்டுக்கு வரி கட்டியவரும் அன்றிலிருந்து நூலகத்தின் பங்காளி ஆகிவிட்டார். யாருடைய தயவும் வேண்டியதில்லை.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் வேறு. நூலக ஆணைக்குழு என்னென்ன செய்யலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கட்டடம், புத்தகம், பத்திரிகை, நிலப்படம், கலைப்பொருள், படம் காட்டும் கண்ணாடித் தகடு, சினிமாச் சுருள் என்று போகும் அந்தப் பட்டியலில், சொற்பொழிவு நடத்தலாம், வகுப்பு நடத்தலாம் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஏன் எழுதினார்கள்? 1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்குச் சுமார் பதினெட்டுப் பேர். புத்தகத்தை மட்டும் அடுக்கி வைத்தால் மீதி எண்பத்திரண்டு பேர் கட்டும் வரிக்கு என்ன பலன்? அவர்களுக்குக் காதால் கேட்கவும், கண்ணால் பார்க்கவும் ஏதாவது வேண்டும் அல்லவா?

இது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தை ஒருவர் ராகம் போட்டு வாசிக்க, தெருவே உட்கார்ந்து கேட்டிருக்கிறது. 1942-இல் மதுரையில் ஆதித்தனார் தொடங்கிய தந்தியை டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் விவாதித்திருக்கிறார்கள். ஐம்பதுகளில் திராவிட இயக்கத்தின் படிப்பகங்கள் தெருவுக்குத் தெரு இதே வேலையைச் செய்தன.

பிறகு நூலகங்கள் பெருகின. 1972-இல் பொது நூலகத்துக்குத் தனி இயக்ககம் வந்தது. மதுரை மாவட்டத்தில் இருந்த கொடைக்கானல் 1985-இல் திண்டுக்கல் மாவட்டத்துக்கு வந்தது. 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,618 ஊராட்சிகளையும் எடுத்துக்கொண்டு, கிராமங்களில் நூலகம் அமைத்தார்கள். கட்டடம் வந்துவிட்டது, உள்ளே பெரியவர்களுக்கு என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. நாளிதழ், வாரப் பத்திரிகை, பழைய நாவல், போட்டித் தேர்வு வழிகாட்டி. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வரட்டும், அவர்களுக்குத்தான் முதல் நாற்காலி. ஆனால் ஐம்பது வயது விவசாயிக்கும் அங்கே ஒரு தட்டு வேண்டும்.

இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, 2006 வன உரிமைச் சட்டம். பழங்குடி அல்லாத ஒருவர் காட்டு நிலத்தில் உரிமை கேட்டால், மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாக அங்கே வாழ்வதைக் காட்ட வேண்டும். பழங்குடிகளும் தங்கள் அனுபவத்துக்குச் சான்று வைக்க வேண்டும். கெசட்டியர், மக்கள்தொகைக் கணக்கு, நிலப்படம் போன்ற அரசு ஆவணங்களைச் சான்றாகக் காட்டலாம் என்று அதன் விதிகளே சொல்கின்றன. ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதிக் கொடுத்தாலும் சான்றுதான். அப்படியானால் 1906 கெசட்டியர் வெறும் பழங்கதை இல்லை. ஒரு பளியர் குடும்பத்துக்கோ குன்னுவர் குடும்பத்துக்கோ அது நிலம்.

இரண்டு, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு. குறியீடு கேட்டு விண்ணப்பிக்கும்போது, அந்தப் பொருள் அந்த மண்ணுக்கு உரியது என்பதற்கு வரலாற்றுச் சான்று காட்ட வேண்டும். பூம்பாறையில் பூண்டு போடும் விவசாயி அந்தக் குறியீட்டைத் தானே எப்படிப் பயன்படுத்துவது என்று யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டாமா? சட்டம் அனுமதித்த சொற்பொழிவும் வகுப்பும் இதற்குத்தானே!

மே மாதம் மலர்க் கண்காட்சியும் கோடை விழாவும் நடக்கும்போது மலை முழுக்க வெளியூர்க்காரர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மூடுபனியிலும் ஊர்க்காரர்கள் மட்டும் இருப்பார்கள். நூலகத்தில் கூட்டம் போட அதைவிட நல்ல காலம் ஏது? நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வாரமும் அப்போதுதான் வருகிறது. பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி வைத்துப் பரிசு கொடுப்பதோடு நிறுத்தாமல், ஒரு நாளைப் பெரியவர்களுக்கு ஒதுக்கலாம். ஒரு பெரியவர் தன் ஊர்ப் பாதை, ஓடை, கோயில் காடு பற்றிச் சொல்லட்டும். ஓர் இளைஞர் எழுதிக்கொள்ளட்டும். அந்த நோட்டும் நூலகத்தில் இருக்கட்டும்.

இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். வாசகர் வட்டம் என்ற அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. பல நூலகங்களில் நூலகர் ஒருவரே எல்லா வேலையும் பார்க்கிறார், அவர் தலையில் மேலும் சுமத்த முடியாது. கூட்டம் போட, ஆளை அழைக்க, பழைய நூல்களின் நகல் வாங்கிக் கொடுக்க ஐந்தாறு பேர் முன்வந்தால் போதும். ஓய்வு பெற்றவர்கள் நாம் எத்தனை பேர் இருக்கிறோம்!

உங்கள் ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் நடக்கிறதா? பெரியவர்கள் வருகிறார்களா? உங்கள் ஊரைப் பற்றிய ஒரு புத்தகமாவது அங்கே இருக்கிறதா? இந்த வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து கீழே எழுதுங்கள்.