செங்கோட்டை: இடம் மாறிய எல்லை

செங்கோட்டையை ஒட்டிய பிரானூரை இன்றும் 'பார்டர்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அங்கே எல்லை எதுவும் இல்லை. தமிழக, கேரள எல்லை மேற்கே பல கிலோமீட்டர் தள்ளி, புளியரைக்கு அப்பால் மலையில் இருக்கிறது. 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியின் எல்லை பிரானூர்ப் பக்கம் இருந்தது. கோடு நகர்ந்த பிறகும் பெயர் நகரவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரியங்காவு கணவாய் திறக்கும் இடத்தில், அதன் கிழக்கு அடிவாரத்தில் செங்கோட்டை அமைந்திருக்கிறது. பாண்டி நாட்டையும் கொல்லம் கரையையும் இணைத்த வழி இது. கொட்டாரக்கரையைத் தலைமையிடமாகக் கொண்ட இளையிடத்து சொரூபத்தின் கீழ் இருந்த இவ்வூர், 18ஆம் நூற்றாண்டில் அந்த அரசை மார்த்தாண்ட வர்மர் சேர்த்துக்கொண்டபோது திருவிதாங்கூருக்குப் போனது. பேச்சு தமிழ், ஆட்சி திருவனந்தபுரத்திலிருந்து. ஊரின் தோரணவாயிலில் அந்தக் காலம் கல்லாக நிற்கிறது: இருபுறமும் துவாரபாலகர்கள், நடுவில் திருவிதாங்கூர் அரசின் சங்கு முத்திரை. தமிழ்நாட்டு ஊர் ஒன்றின் நுழைவாயிலில் இந்தச் சங்கைக் காண்பது அரிது.

மூலம் திருநாள் மன்னர் காலத்தில் வந்த ரயில் பாதைதான் ஊரின் போக்கையே மாற்றியது. கொல்லம் – செங்கோட்டை மீட்டர்கேஜ் பாதையில் 1904இல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. கணவாயில் மலையைக் குடைந்த சுரங்கம் முக்கால் கிலோமீட்டருக்கும் அதிக நீளம். தென்மலைக்கு அருகே கழுதுருட்டியில் ஆற்றோரமாக நிற்கும் கருங்கல் பாலத்துக்குப் பதிமூன்று கண்கள். அகலப்பாதைப் பணிக்காக 2010இல் நிறுத்தப்பட்ட மலைப்பகுதி ரயில், 2018இல்தான் முழுமையாகத் திரும்பியது. ஊரின் இன்னொரு முகம் காடு சார்ந்த மரத் தொழில்: பிரானூரில் மரஅறுவை ஆலைகள் வரிசையாக இருக்கின்றன.

வாஞ்சிநாதன் பிறந்தது இந்த ஊரில், 1886இல். திருவிதாங்கூரின் புனலூரில் வனத்துறையில் வேலை பார்த்தவர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்டார். அவருக்குச் செங்கோட்டையில் மணிமண்டபம் உள்ளது.

விடுதலைக்குப் பின், தமிழர் வாழும் வட்டங்களைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கும்படி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954இல் திருவிதாங்கூரின் தென்பகுதியில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. மாநிலச் சீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. அந்த இழப்பின் வலி இன்றும் பேசப்படுகிறது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்து, திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. 2019இல் தென்காசி மாவட்டம் உருவானபோது அதன் பகுதியானது.

ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை, தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே சாரலைக் கொண்டுவரும். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு பார்டருக்குச் சாப்பிட வருவது பலருக்கு வழக்கம். வாழையிலையில் பிய்த்துப்போட்ட சிறு பரோட்டா, அது மூழ்கும்வரை சால்னா, பக்கத்தில் மிளகு தூக்கலான நாட்டுக்கோழி வறுவல். குண்டாறு அணையும் புளியரை தட்சிணாமூர்த்தி கோயிலும் அருகில்தான்.

கோயில் வழக்கங்களுக்கு மாநிலக் கோடு ஒரு பொருட்டே இல்லை. ஆரியங்காவு ஐயப்பன் திருக்கல்யாணத்தில் அம்மன் புஷ்கலையை மதுரை சௌராஷ்டிரர்கள் தங்கள் வீட்டுப் பெண்ணாகக் கொண்டு, பெண் வீட்டாராகச் சீர்வரிசையோடு போய் நிற்கிறார்கள். அச்சன்கோவில் ஐயப்பனின் ஆபரணப் பெட்டி மார்கழித் திருவிழாவுக்காகப் புனலூர் கருவூலத்திலிருந்து புறப்படுகிறது. கேரளத்திலிருந்து கேரளத்துக்கே போகும் அந்தப் பெட்டி, செங்கோட்டை, தென்காசி வழியாக வருகிறது. வழியெங்கும் மக்கள் மாலையோடு காத்திருக்கிறார்கள்.