வாடாத புல்லுக்கு வைத்தியம்

புல்லைக் கண்டால் பயப்படுகிற ஊர் ஒன்று உண்டென்றால் நம்புவீர்களா? சிவகாசிக்குப் பக்கத்தில் எம். புதுப்பட்டி வட்டாரம் அப்படிப்பட்டது. பட்டாசு ஆலைகள் நிறைந்த பகுதி. மருந்து வைத்திருக்கும் கட்டடங்களைச் சுற்றிக் காய்ந்த புல் மண்டியிருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்பேர்ப்பட்ட இடத்தில்தான் என் மைத்துனர் தம் வீட்டு மொட்டை மாடியில் புல்தரை போட்டார். நிஜப் புல் அல்ல, பிளாஸ்டிக் புல்.

"தண்ணி ஊத்த வேண்டாம், வெட்ட வேண்டாம், வாடவே வாடாது அத்தான்" என்றார். சுற்றிலும் வானம் பார்த்த பூமி. நடுவில் அவர் மாடி மட்டும் பச்சை. அந்தி நேரத்தில் அதன்மேல் உட்கார்ந்து பேசியது இதமாகத்தான் இருந்தது.

சென்ற தீபாவளி இரவில் அவருடைய எட்டு வயது மகள் எரிந்து தீர்ந்த கம்பி மத்தாப்பைக் கை தவறிக் கீழே போட்டுவிட்டாள். சிவக்கக் காய்ந்த கம்பி. பாலித்தீன் இழைகளோ கொதிக்கும் தண்ணீரைவிடச் சற்று அதிகமான சூட்டிலேயே உருகத் தொடங்குபவை. உள்ளங்கை அகலத்துக்குக் கருகி, இறுகிப் போயிற்று. மைத்துனர் போட்ட சத்தத்தில் குழந்தை அன்று பலகாரத்தைக்கூடத் தொடவில்லை. பட்டாசு ஆலையில் கணக்கு எழுதிப் பிழைக்கும் மனிதர், "இனிமே இந்த மாடியில ஒரு பொட்டு வெடிகூடப் போடக் கூடாது" என்று உத்தரவு போட்டதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

வாடாத புல் என்றாரே, அது ஏன் பிறந்தது என்று அன்றிரவு யோசித்துக்கொண்டிருந்தேன். அதன் கதை விசித்திரமானது.

அமெரிக்காவில் மான்சாண்டோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் நைலானில் ஒரு புல்லைச் செய்து, 1964-இல் பிராவிடன்ஸ் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விரித்தார்கள். நகரத்துப் பிள்ளைகளுக்கு ஓடியாட இடம் வேண்டும் என்ற கவலையில் எழுந்த முயற்சி அது. மறு ஆண்டு ஹூஸ்டன் நகரில் ஆஸ்ட்ரோடோம் என்ற மூடிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. புல் வளர வெளிச்சம் வேண்டுமே என்று கூரையில் ஆயிரக்கணக்கான ஒளிபுகும் பலகைகளைப் பதித்திருந்தார்கள். அந்தக் கூச்சத்தில் உயரே எழும்பிய பந்து ஆட்டக்காரர்களின் கண்ணுக்குத் தெரியவில்லை. பலகைகளுக்குச் சாயம் பூசினார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. காய்ந்த தரைக்குப் பச்சை வர்ணம் அடித்து ஒப்பேற்றிப் பார்த்துவிட்டு, 1966-இல் நைலான் புல்லைக் கொண்டுவந்து விரித்தார்கள். அரங்கத்தின் பெயரையொட்டி அதற்கு 'ஆஸ்ட்ரோடர்ஃப்' என்ற பெயரும் வந்தது.

அங்கே செத்த புல் எது தெரியுமா? நம் அருகம்புல்லையே ஒரு தாயாகக் கொண்ட ஒட்டு இனம்! 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துகிறோமே, அந்த அருகு. எத்தனை மிதித்தாலும் எழுந்து நிற்கும் புல், வெயில் இல்லாமல் தோற்றது. அதற்குப் பதிலாக வந்த புல், வெயில் அதிகமான நம் கரிசல் பூமிக்கு இன்று வந்து சேர்ந்திருக்கிறது.

வாடாத புல்லுக்கு அன்றைக்கே வேலைக்காரர்கள் தேவைப்பட்டார்கள். துண்டு துண்டாக விரித்து, சட்டை ஜிப் போல இணைத்தார்கள். விண்வெளி வீரர்களைப் போல உடுத்திய ஆட்கள் ஆட்டத்தின் நடுவே வந்து, தூசி உறிஞ்சும் கருவிகளால் அதைச் சுத்தம் செய்தார்கள்.

நம் தேசத்துக்கும் இந்தப் புல்லோடு ஒரு பழைய கணக்கு உண்டு. 1975-இல் கோலாலம்பூரில் நிஜப் புல்லில் ஹாக்கி உலகக் கோப்பையை வென்றோம். மறு ஆண்டு மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரை; நமக்கு ஏழாவது இடம். தரை ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மண்ணிலும் புல்லிலும் பழகிய கைகளுக்கு அந்த வேகம் புதிது. எம். புதுப்பட்டிக்குத் தெற்கே, ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டியிலும் இன்று செயற்கைத் தரை இருக்கிறது. அந்த வகைத் தரையில் ஆடுமுன் தண்ணீர் தெளிக்கிறார்கள்! தண்ணீர் வேண்டாத புல்லுக்குத் தண்ணீர்.

வீட்டுப் புல்லும் அப்படித்தான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2002-இல் அளந்தபோது, வெயிலில் கிடந்த செயற்கைப் புல் 70 டிகிரி செல்சியஸை நெருங்கியது. தண்ணீர் தெளித்தால் தணியும். சற்று நேரத்தில் பழையபடி ஏறிக்கொள்ளும். நடந்து நடந்து படுத்துவிட்ட இழைகளை எதிர்த்திசையில் பெருக்கி நிமிர்த்த வேண்டும். இடையில் தூவிய மணல் குறைந்தால் மறுபடி தூவ வேண்டும்.

கருகிய இடத்துக்கு வைத்தியம் செய்ய மறுநாள் நானும் உட்கார்ந்தேன். விரிப்பைப் புரட்டினால் அடியில் தையல் வரிசைகள் தெரிகின்றன. இரண்டு வரிசைகளுக்கு நடுவே கத்தியை ஓட்டிச் சதுரமாக வெட்டி எடுக்க வேண்டும். அதே அளவில் ஒட்டுத் துண்டு. இழைகள் சாயும் திசை மாறக் கூடாது. மாறினால் நிறமே வேறாகத் தெரியும். அடியில் பட்டை நாடா வைத்துப் பசை தடவி, இழைகள் பசையில் சிக்காமல் விலக்கிவிட்டுப் பதித்து, மேலே பாரம் ஏற்ற வேண்டும். மீந்த புதுத் துண்டை வைத்துப் பார்த்தோம். பளிச்சென்று துருத்திக்கொண்டு நின்றது. வெளுத்த புல்லுக்கு வெளுத்த ஒட்டுத்தான் பொருந்தும். ஆகவே கைப்பிடிச் சுவர் ஓரத்தில் வெட்டி நடுவில் வைத்தோம். புதுத் துண்டை ஓரத்துக்குத் தள்ளினோம்.

குழந்தை தூர நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, நிஜப் புல்லா இருந்தா அதுவே வளந்திருக்கும்ல?" என்றாள்.

ஆமாம் என்றேன். மைத்துனர் பதில் பேசவில்லை. சற்றுப் பொறுத்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "வா தாயி, வந்து பாரத்தைப் பிடி" என்று அவளைக் கூப்பிட்டார். ஓடி வந்தாள்.

நல்ல புல்லென்றாலும் பத்துப் பதினைந்து வருஷம், பிறகு குப்பை. மக்கவும் மக்காது. நிஜப் புல் வாடும், தானே தழைக்கும். இந்தப் புல் வாடாது, தழைக்கவும் தெரியாது. புண்ணானால் ஒரு மனிதன் உட்கார்ந்து ஒட்ட வேண்டும். புண்ணைப் புல்லோடு விட்டுவிடாமல் பிள்ளையின் மனசிலும் பார்த்துக்கொண்டால் சரி.

பொங்கலுக்குப் போயிருந்தபோது ஒட்டைத் தேடிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. கைப்பிடிச் சுவர் ஓரத்து இணைப்பில் மட்டும், காற்று கொண்டுவந்த மண்ணில் ஏதோ ஒரு புல் இரண்டு இலை விட்டிருந்தது. பிடுங்கிவிட வேண்டியதுதான் முறை. வேர் ஓடினால் இணைப்பு பிரியும்.

"பாப்பா தினம் தண்ணி ஊத்துது அத்தான்" என்றார் மைத்துனர். பிடுங்கச் சொல்ல அவருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது.