படகு பேசும் மன்றில் மனைவிக்கு இடமில்லை: கோடியக்கரை மீனவர் கைதுகளை முன்வைத்து

அக்டோபர் முதல் மார்ச் வரை கோடியக்கரையில் மீன்பிடிக் காலம். வெளியூர் மீனவர்களும் கரையில் குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். இந்தக் கடலில் இலங்கைக் கடற்படையிடம் பிடிபடுபவர்கள் பருத்தித்துறை, மல்லாகம், ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றங்களில் ஒன்றில் நிறுத்தப்பட்டு, விளக்கமறியலில் யாழ்ப்பாணச் சிறைக்குப் போகிறார்கள். அந்த வழக்கில் குடும்பத்தின் சொல்லுக்கு என்ன இடம்?

படகுக்கு இடம் இருக்கிறது. பிடிபட்ட படகை மீட்க வேண்டுமானால் உரிமையாளர் நேரில் வந்து ஆவணங்களைக் காட்ட வேண்டும் என்று மன்று தவணை குறிக்கிறது. வராவிட்டால் படகு அரசுடைமை. உள்ளே இருப்பவரின் மனைவிக்கோ தாய்க்கோ அப்படியொரு தவணை கிடையாது. 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவும் கைதியைப் பார்க்கும் உரிமையைத் தூதரக அலுவலருக்கே தருகிறது.

இதைச் சிறு குறையாக நான் கருதவில்லை. முதல்முறை சிக்குபவரைப் பெரும்பாலும் ஒத்திவைத்த சிறைத்தண்டனையோடு ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஒத்திவைப்புக் கெடுவுக்குள் மறுபடி சிக்கினால் பழைய தண்டனையும் சேர்ந்து விழும். பிறர் படகில் பங்குக்குப் போகும் தொழிலாளிக்கு வலையை எங்கே விடுவது என்பதில் பேச்சே இல்லை; ஆனால் சிறை அவருக்குத்தான். அவர் யாரிடம் முன்பணம் வாங்கினார், வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் உண்டா என்பதெல்லாம் மனைவிக்குத் தெரியும். தண்டனையை அளக்க நீதவானுக்கு வேண்டிய சான்றுகள் இவை.

இந்தியச் சட்டம் இதை ஓரளவு ஏற்றிருக்கிறது. தண்டனை குறித்த விசாரணையில் குற்றவாளியின் பின்னணி பற்றிய சான்றுகளையும் வைக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று சந்தா சிங் வழக்கில் (1976) உச்ச நீதிமன்றம் கூறியது. தடுப்புக்காவல் கைதி, வழக்கறிஞர் இல்லாத நிலையிலும், அறிவுரைக் குழுமத்தின் முன் ஒரு நண்பரின் துணையைப் பெறலாம் என்றது ஏ.கே. ராய் தீர்ப்பு (1981). குண்டர் சட்டத்தில் அடைபட்டவருக்காக மனைவியோ தாயோ ஆட்கொணர்வு மனுப் போடுவது தமிழ்நாட்டில் அன்றாடம் நடப்பது. பாக் நீரிணைக்கு அப்பால் இந்த வழிகள் செல்லுபடியாகா.

குடும்பத்தின் கண்ணீர், வலையிழந்த இலங்கை வடபகுதித் தமிழ் மீனவரின் இழப்பை மறைத்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இழுவை மடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்ததன் பின்னால் அந்த இழப்பு இருக்கிறது. அவர்களின் குடும்பங்களும் அதே மன்றில் பேசட்டும். அங்கே வழக்கு நடப்பது தமிழில். எந்தக் கரைப் பெண்ணுக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை.

மனைவியிடமோ தாயிடமோ வேதாரண்யத்தில் எழுதி வாங்கிய பிரமாணப் பத்திரத்தை, 2010 முதல் யாழ்ப்பாணத்தில் இயங்கும் இந்தியத் துணைத் தூதரகத்தின் வழியாக, தண்டனைக்கு முன்பே வழக்கறிஞர் மன்றில் வைக்கலாம். நீதவான் அனுமதித்தால் காணொலியிலும் கேட்கலாம். 2016இல் அமைந்த இந்திய–இலங்கை மீன்வளக் கூட்டுப் பணிக்குழு இதைத் தன் அடுத்த கூட்டத்திலேயே எடுத்துப் பேச வேண்டும்.