கூப்பிடு தூரம்

சிறைக்குப் போனவரைக் 'கம்பி எண்ணுகிறார்' என்கிறோம். செய்வதற்கு ஒன்றுமில்லாத நேரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் இது வெளியில் இருப்பவர்கள் உண்டாக்கிய சொல். உள்ளே இருந்த பெண்கள் எழுதி வைத்தவற்றைப் படித்துக்கொண்டு போனால், கம்பி எண்ணிய ஒருத்தியைக்கூட நான் காணவில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருந்தது.

அமெரிக்காவில் தண்டனை பெற்றவர்களை நெடுங்காலம் அடைக்கும் சிறை வேறு, 'ஜெயில்' வேறு. ஜெயில் நம்மூர் கிளைச்சிறை போன்றது. 'கவுண்டி' என்கிற உள்ளூர் நிர்வாகமோ நகராட்சியோ அதை நடத்தும். விசாரணைக்குக் காத்திருப்பவர்களும் சில நாள், சில மாதத் தண்டனைக்காரர்களும் அங்கே இருப்பார்கள். பிணைத்தொகை கட்ட முடிந்தவள் அன்று மாலையே வீடு திரும்பலாம். முடியாதவள் இருக்க வேண்டியதுதான். எனவே ஜெயிலில் 'ஓய்வு நேரம்' என்று நாம் அழைப்பது பெரும்பாலும் ஏழைகளின் நேரம். குற்றம் நிரூபிக்கப்படுவதற்கு முன்பே பறிக்கப்பட்ட நேரம்.

நியூயார்க் நகரின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில், ஆறாவது அவென்யூவை ஒட்டி, 1932 முதல் 1971 வரை 'பெண்கள் தடுப்புக்காவல் இல்லம்' இருந்தது. கடைகளும் குடியிருப்புகளும் நெருங்கிய நடுத்தெருவில் பல மாடிக் கட்டடம். சுமார் 400 பெண்களுக்காகக் கட்டப்பட்ட அதில் பிற்காலத்தில் அதைவிட மிக அதிகமானோரை அடைத்தார்கள். பாலியல் தொழிலாளிகள், போதைப்பழக்கத்தில் சிக்கியவர்கள், கடையில் திருடியவர்கள், அவ்வப்போது போர் எதிர்ப்பாளர்கள், கம்யூனிஸ்டுகள். கறுப்பினப் பெண்களும் புவெர்ட்டோ ரிக்கோப் பெண்களும் மிகுதி.

தொடக்க ஆண்டுகளில் சீர்திருத்தவாதிகளுக்கு இந்த இல்லத்தின்மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. 1936இல், அரசின் கலைத் திட்டத்தின்கீழ், லூசியென் பிளாக் என்ற இளம் ஓவியர் அதன் பொழுதுபோக்கு அறையில் ஒரு சுவரோவியம் தீட்டினார். டீகோ ரிவேராவிடம் உதவியாளராக இருந்தவர். கலை என்பது மேட்டிமைக்காரர்களின் சமாச்சாரம் என்று அங்கிருந்த பெண்கள் சந்தேகப்படுவதைப் புரிந்துகொண்டு, அவர்களுக்கு நெருக்கமான ஒன்றை வரைய விரும்பினார். விளையாட்டுத் திடல், தாய்மார்கள், கறுப்பு, வெள்ளைக் குழந்தைகள் கலந்து விளையாடும் காட்சி. அந்தப் பெண்கள் ஓவியத்துக் குழந்தைகளைத் தத்தெடுத்துக்கொண்டார்கள், பெயரும் வைத்தார்கள் என்று பிளாக் பின்னால் எழுதினார். சுவரில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொருவரும் யாரோ ஒருத்தியின் பிள்ளை ஆனார்கள். வீட்டில் விட்டுவந்த குழந்தையை இந்நேரம் யார் பார்த்துக்கொள்கிறார்களோ என்று தெரியாத ஒருத்தி, மாலைப்பொழுதில் அந்தச் சுவருக்கு எதிரே என்ன செய்தாள் என்பதை ஊகிப்பது கடினமில்லை. பொழுதுபோக்கு என்ற சொல் இங்கே கொஞ்சம் கூசுகிறது.

இரவானால் ஜன்னல். இதுதான் அந்தக் கட்டடத்தின் பெயர்பெற்ற காட்சி. உள்ளே இருப்பவள் மாடி ஜன்னலில் இருந்து தெருவைப் பார்த்துக் கத்துவாள். கீழே நடைபாதையில் அவளுடைய காதலனோ காதலியோ அம்மாவோ பிள்ளையோ அண்ணாந்து நின்று பதில் கத்துவார்கள். வழக்கு எந்த மட்டில் இருக்கிறது, பணம் புரட்ட முடிந்ததா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, இன்னும் என்னை நேசிக்கிறாயா, எல்லாம் நடுத்தெருவில், நாலு பேர் கேட்க. லெஸ்பியன் வரலாற்று ஆவணக் காப்பகத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜோன் நெசில், கோடை இரவுகளில் பெண்கள் தம் காதலிகளை இப்படி அழைத்ததை, தம் இளமைக்காலத்து வில்லேஜின் அழியாத நினைவாகப் பதிவு செய்திருக்கிறார். வட்டாரத்தின் கண்ணியவான்களோ அதை இரைச்சல் என்றார்கள், ஆபாசம் என்றார்கள். ஜெயிலையே அங்கிருந்து அகற்றச் சொல்லிப் புகார்கள் போய்க்கொண்டே இருந்தன.

இதைச் சொல்லும்போது அந்த இடத்துக்கு வெள்ளையடிக்கக் கூடாது. 1965இல் போர் எதிர்ப்புப் போராட்டத்தில் கைதான 18 வயது மாணவி ஆண்ட்ரியா டுவோர்கின், அங்கே மருத்துவப் பரிசோதனை என்ற பெயரில் தம் உடல்மீது நடந்த வன்முறையைப் பகிரங்கமாகச் சொன்னார். நாளேடுகள் எழுதின, விசாரணை வந்தது. மருந்தின்றிப் போதை இறங்கும் வேதனையில் பெண்கள் இரவெல்லாம் அலறுவதும் அதே கட்டடத்தில்தான். ஜன்னலில் நின்றவர்கள் இந்தக் கொடுமைகளுக்கு நடுவிலிருந்துதான் கூப்பிட்டார்கள்.

எழுத்தாளர் கிரேஸ் பேலி, வியட்நாம் போருக்கு எதிராக ராணுவ அணிவகுப்பை மறித்து உட்கார்ந்ததற்காக ஆறு நாள் அங்கே இருந்தார். அவர் குடியிருந்த வட்டாரமே அதுதான். தாளும் பேனாவும் இல்லாமல் போனது அவரை வாட்டியது. எழுத முடியாததால் கேட்டார். உடனிருந்த பெண்களின் பேச்சைத்தான் பிற்பாடு கட்டுரையாக்கினார்.

1970 அக்டோபரில் ஏஞ்சலா டேவிஸ் அங்கே கொண்டுவரப்பட்டார். முதலில் தனிமையில் வைத்தார்கள். உண்ணாவிரதம் இருந்தார், நீதிமன்றம் தலையிட்ட பிறகே மற்றப் பெண்களோடு சேர முடிந்தது. நூலகத்தைத் தேடிப் போனவருக்கு உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. பிறகு துழாவியதில் டு பாய்ஸின் தன்வரலாறும் சீனப் புரட்சி பற்றிய எட்கர் ஸ்னோவின் நூலும் கிடைத்தன. இவை இங்கே எப்படி வந்தன? 1950களில் கம்யூனிஸ்டு வழக்குகளில் இதே ஜெயிலில் இருந்த எலிசபெத் கர்லி ஃப்ளின், கிளாடியா ஜோன்ஸ் போன்றோர் விட்டுச்சென்றவையாக இருக்கலாம் என்று டேவிஸ் நினைத்தார். உறுதி செய்ய வழியில்லை. ஆனாலும் அந்த அலமாரியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கூப்பிடு குரல் கேட்கத்தான் செய்கிறது.

பெண்கள் உள்ளே 'குடும்பம்' வைத்திருந்ததையும் டேவிஸ் விரிவாக எழுதினார். ஒருத்தி அம்மா, ஒருத்தி அப்பா, இன்னும் பாட்டி, அத்தை, மகள். புதிதாக வந்து அழுபவளை ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ளும். வெளியே ஆதரவாளர்கள் பிணைநிதி திரட்டத் தொடங்கியபோது, முதலில் யாரை மீட்பது என்பதை அந்தந்தத் தாழ்வாரத்துப் பெண்களே கூடித் தேர்ந்தெடுத்தார்கள். மீட்கப்பட்டவள் வெளியே போய் மற்றவர்களுக்காக நிதி திரட்டும் வேலையில் சேர வேண்டும். சும்மா இருக்கும் நேரம் என்று நிர்வாகம் கருதிய மாலைகளில் நடந்த அரசியல் இது.

டிசம்பரில் டேவிஸைக் கலிபோர்னியாவின் மரின் கவுண்டி ஜெயிலுக்கு மாற்றினார்கள். ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த புகழ்பெற்ற அரசு வளாகத்துக்குள் இருந்த ஜெயில். அங்கே தாழ்வாரமும் இல்லை, குடும்பமும் இல்லை. தனிமைக் காவல். கொட்டிக்கிடந்த நேரத்தில், கைக்குக் கிட்டிய சில நூல்களை வைத்துக்கொண்டு, அடிமைச் சமூகத்தில் கறுப்பினப் பெண்ணின் பங்கு குறித்த கட்டுரையை எழுதினார். 1971 டிசம்பரில் 'தி பிளாக் ஸ்காலர்' இதழில் அது வெளிவந்தது. கறுப்பினக் குடும்பத்தைப் பெண்கள் ஆட்டிப்படைத்ததால்தான் அது சீரழிந்தது என்று 1965இன் மொய்னிஹன் அறிக்கை பரப்பிய கதையை உடைத்த கட்டுரை. அதன் மையக் கருத்து நம் பேச்சோடு தொடர்புடையது. பகலெல்லாம் வயலில் ஆணுக்குச் சமமாக உழைத்த அடிமைப் பெண், இரவில் குடிசையில் சமைத்ததும் துவைத்ததும் பிள்ளையைத் தேற்றியதும்தான் எஜமானனால் நேரடியாக உரிமை கொண்டாட முடியாத ஒரே உழைப்பு. எதிர்ப்புக்கான விதை அங்கேதான் கிடந்தது என்றார். வீட்டுவேலையைப் பெண்ணின் விலங்காகவே பார்த்துப் பழகிய நமக்கு இது இடறும். எனக்கும் முதல் வாசிப்பில் இடறியது. எஜமானனுக்குச் சேராத அந்தக் கொஞ்ச நேரத்தை, ஜெயில் அறையில் இருந்துகொண்டு ஒருத்தி கண்டுபிடித்தாள் என்பதை நினைத்த பிறகே எனக்கு அது விளங்கியது.

1972 பிப்ரவரியில் ஒரு விவசாயி தம் நிலத்தை ஈடாக வைக்க, டேவிஸ் பிணையில் வந்தார். ஜூன் மாதம் ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தார்கள். 16 மாதம் போனது போனதுதான். அவரது பெயரை உலகம் அறிந்திருந்தது. தாழ்வாரத்துப் பெண்கள் பலருக்கு அந்த வசதியும் இல்லை.

கிரீனிச் வில்லேஜ் ஜெயில் 1971இல் மூடப்பட்டது. சில ஆண்டுகளில் கட்டடத்தை இடித்தார்கள். பிளாக்கின் சுவரோவியமும் அதோடு போயிற்று. அந்தக் குழந்தைகள் இன்று புகைப்படங்களில் மட்டும் இருக்கிறார்கள். இடித்த மனையில் அழகான பூந்தோட்டம் இருக்கிறது. ஜெயில் தொலைந்ததென்று வட்டாரம் மகிழ்ந்தபோது, பேலி மட்டும் வேறு மாதிரி எழுதினார். ஜெயில் இருந்தே தீருமென்றால் அது ஊருக்கு நடுவில், அம்மாவைப் பிள்ளை தெருவிலிருந்து கூப்பிடக்கூடிய இடத்தில் இருக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

பெண்களை ரைக்கர்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். சுற்றிலும் தண்ணீர். குவீன்ஸ் பக்கமிருந்து ஒரே ஒரு பாலம். பார்க்கப் போகிறவர்கள் பேருந்தில் அந்தப் பாலத்தைக் கடந்து, சோதனைக்கு நின்று, தங்கள் முறை வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.