வெட்டுப்பட்ட படம் பிழைத்த கதை

கிறிஸ்டோபர் லீக்கு டிராகுலா அலுத்துப்போயிருந்தது. 1958-இல் ஹாமர் நிறுவனத்துக்காகப் போட்ட கறுப்பு அங்கி, பத்துப் பன்னிரண்டு வருஷமாகியும் அவரை விடவில்லை. கோரைப்பல் பேரும் புகழும் கொடுத்தது. நடிக்க இடம் கொடுக்கவில்லை. ‘ஸ்லூத்’ நாடகத்தால் புகழ்பெற்ற எழுத்தாளர் ஆண்டனி ஷாஃபரும் தயாரிப்பாளர் பீட்டர் ஸ்நெல்லும் அவரோடு உட்கார்ந்து பேசியதில் ஒரு யோசனை பிறந்தது. பேய் வராத, ரத்தம் கொட்டாத, ஆனாலும் பார்த்தவரைத் தூங்கவிடாத திகில் படம் ஒன்று எடுத்தால் என்ன? அப்படி உருவானதுதான் ‘தி விக்கர் மேன்’.

கதைக்கு விதை, டேவிட் பின்னர் 1967-இல் எழுதிய ‘ரிச்சுவல்’ என்ற நாவல். 15,000 பவுண்டு கொடுத்து அதன் உரிமையை வாங்கினார்கள். வாங்கிய பிறகு ஷாஃபர் நாவலின் பெரும்பகுதியை ஓரம் வைத்துவிட்டார். பழைய சடங்குகள் உயிரோடிருக்கும் ஊருக்குத் துப்புத் துலக்க வரும் கறாரான கிறிஸ்தவப் போலீஸ்காரர் என்ற ஒரே ஒரு இழை மட்டும் அவருக்குப் போதுமாக இருந்தது. விளம்பரப் படத் தொழிலில் ஷாஃபரின் பழைய கூட்டாளியான ராபின் ஹார்டி இயக்க வந்தார். அவருக்கு இது முதல் படம். ஜேம்ஸ் ஃபிரேசரின் ‘தி கோல்டன் பவ்’ நூலிலிருந்து பழஞ்சடங்குகளை அள்ளினார்கள். இன்றைய பிரான்ஸ் இருக்கும் மண்ணில் தான் நடத்திய போர்களைப் பற்றி ஜூலியஸ் சீசர் எழுதிவைத்த குறிப்புகளில், விளார்களால் பின்னிய பிரம்மாண்டமான மனித உருவத்துக்குள் ஆட்களை அடைத்துத் தீவைக்கும் வழக்கம் பற்றி ஓரிடத்தில் வருகிறது. படத்தின் முடிவு அங்கிருந்து கிடைத்தது.

ஹௌவி என்ற சார்ஜென்ட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வருகிறது: சம்மரைல் தீவில் ரோவன் என்ற சிறுமியைக் காணவில்லை. கடல் விமானத்தில் தனியாகப் போய் இறங்குகிறார். ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை. அப்படியொரு பெண்ணே இல்லை என்கிறார்கள். ஆப்பிளுக்குப் பேர்போன அந்தத் தீவில் போன வருஷம் விளைச்சல் பொய்த்துவிட்டது. ரோவனைப் பலி கொடுக்கப் போகிறார்கள் என்று ஹௌவி முடிவுக்கு வருகிறார். பலி உண்டு என்பது சரி; பலி யார் என்பதில்தான் அவர் கணக்குத் தப்பிவிடுகிறது.

படப்பிடிப்பு நடந்தது 1972-இன் இலையுதிர்காலத்தில், ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள காலோவே பகுதியில். கதையோ மே மாதத் தொடக்கத்தில், பூ பூக்கும் காலத்தில் நடக்கிறது. வசந்தம் வரும்வரை பொறுத்திருக்க வழியில்லை. படத்தைத் தயாரித்த பிரிட்டிஷ் லயன் நிறுவனம் அப்போதுதான் கைமாறியிருந்தது. படத் தயாரிப்பைக் கைவிட மாட்டோம் என்று தொழிற்சங்கங்களுக்கு உடனே காட்டியாக வேண்டிய நெருக்கடி. மொட்டையாக நின்ற மரங்களில் ஆட்கள் செயற்கை இலைகளையும் பூக்களையும் ஒட்டினார்கள். நடிகர்கள் மெல்லிய வசந்தகால உடையில் குளிரில் நின்றார்கள். பேசும்போது வாயிலிருந்து ஆவி வந்தால் காட்சி கெட்டுவிடும் என்று ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு, ஷாட்டுக்கு முன்னால் துப்பிவிட்டு வசனம் பேசினார்கள். லீ சம்பளமே வாங்கவில்லை. திரையில் தெரியும் அந்தப் பசுமையில் ஏதோ ஒன்று சரியில்லை என்று பார்ப்பவருக்கு உள்ளூர உறுத்துகிறதே, அதற்கு இந்தப் பொய் வசந்தமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

ரசிகர்களை இன்றைக்கும் கட்டிவைத்திருப்பது பாட்டு. அமெரிக்கரான பால் ஜியோவானி, நாட்டார் மெட்டுகளையும் ராபர்ட் பர்ன்ஸின் வரிகளையும் தன் சொந்தப் பாட்டுகளையும் கலந்து படம் நெடுகக் கோத்திருக்கிறார். திகில் படத்தில் பயமுறுத்த வேண்டிய இசை, இங்கே மயக்குகிறது. மதுக்கடையில் பாடுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாடுகிறார்கள், கடைசியில் தீ எரியும்போதும் கைகோத்து அசைந்தாடிப் பாடுகிறார்கள். அந்த மக்கள் முகத்தில் குரூரம் துளியும் இல்லை. திருவிழாச் சந்தோஷம்தான் இருக்கிறது. கூண்டுக்குள் ஹௌவியாக நடிக்கும் எட்வர்ட் உட்வர்ட் தன் ஆண்டவரை நோக்கிச் சங்கீதம் சொல்லிக் கதறுகிறார். வெளியே ஊரே தன் சூரியனுக்குப் பாடுகிறது. இரண்டு பக்கமும் உண்மையான பக்தி.

அதற்குச் சற்று முன்னால் வரும் ஒரு கணத்தைச் சொல்லாமல் விட முடியாது. சாகப் போகும் ஹௌவி கூட்டத்தைப் பார்த்துச் சொல்கிறார்: இந்தப் பலியால் விளைச்சல் திரும்பாது, அடுத்த வருஷமும் பொய்த்தால் உங்கள் பிரபுவையே அல்லவா நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கும்? கேமரா, அந்தப் பிரபுவாக நடிக்கும் லீயின் முகத்துக்கு வருகிறது. விளைச்சல் பொய்க்காது என்று அடித்துச் சொல்கிறார், ஆனால் ஒரு நொடி அந்த முகத்தில் என்னவோ ஓடி மறைகிறது. டிராகுலா கொடுக்காத வாய்ப்பு இதுதான். தன் படங்களிலேயே சிறந்தது இது என்று லீ 2015-இல் இறக்கும்வரை சொல்லிவந்ததில் வியப்பில்லை.

படம் முடிந்தபோது நிறுவனத்தின் நிர்வாகம் மாறியிருந்தது. புதியவர்களுக்கு இதை எப்படி விற்பதென்று தெரியவில்லை. சுமார் நூறு நிமிடப் படம் 87 நிமிடமாக வெட்டப்பட்டு, 1973 டிசம்பரில் ‘டோன்ட் லுக் நவ்’ படத்துக்குத் துணைப்படமாக, ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் என்ற கணக்கில் வெளியானது. விமர்சகர்களைத் தாமே தொலைபேசியில் கூப்பிட்டு, டிக்கெட் காசு நான் தருகிறேன், போய்ப் பாருங்கள் என்று லீ கேட்டுக்கொண்டார். படம் சத்தமில்லாமல் போய்விட்டது. பின்னாளில் தேடியபோது மூல நெகட்டிவையும் காணவில்லை. குப்பையோடு குப்பையாக வெளியேறி, நெடுஞ்சாலை ஒன்றின் அடியில் புதைந்து கிடக்கிறது என்பது ரசிகர்கள் சொல்லிச் சொல்லி வளர்ந்த பேச்சு.

ரசிகர்கள் கையில் இந்தப் படம் இரண்டாவது முறை பிறந்தது. 1977-இல் அமெரிக்கத் திகில் பட இதழான ‘சினிஃபன்டாஸ்டிக்’ ஒரு இதழின் பெரும்பகுதியை இதற்கு ஒதுக்கி, திகில் படங்களில் இது ‘சிட்டிசன் கேன்’ என்கிற அளவுக்கு உயர்த்திப் பேசியது. வெட்டுவதற்கு முன்பே அமெரிக்கத் தயாரிப்பாளர் ராஜர் கோர்மனுக்கு ஒரு நீளமான பிரதி போயிருந்தது. அதை அவர் வைத்திருந்தது தெரியவர, அதிலிருந்து நீண்ட வடிவம் ஒன்று 1979 வாக்கில் அமெரிக்கத் திரையரங்குகளுக்குத் திரும்பியது. பாடல்களோ படம் வந்த காலத்தில் இசைத்தட்டாகவே வரவில்லை; கால் நூற்றாண்டு கழித்து, 1998-இல்தான் ட்ரங்க் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது.

காலோவேக்குப் போகிறவர்களும் பெருகினார்கள். அன்வொத் ஊரின் பாழடைந்த தேவாலயக் கல்லறை, கிரீடவுனின் விடுதி, விளார் உருவம் எரிந்த பரோ ஹெட் கடல்முனை என்று காட்சி காட்சியாக நடந்து பார்க்கிறார்கள். பரோ ஹெட்டில் அந்த உருவத்தின் கால் கட்டைகள் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றன. 2006-இல் யாரோ அறுத்துத் திருடிப் போனார்கள். பக்கத்தில் டன்ட்ரெனனில் 2002 முதல் 2015 வரை வருஷாவருஷம் ‘விக்கர்மேன்’ இசைவிழா நடந்தது. அதன் உச்சம் பெரிய விளார் உருவத்தை எரிப்பது.

2013-இல் உரிமையாளரான ஸ்டுடியோகனால், காணாமல்போன காட்சிகள் யாரிடமாவது இருக்கின்றனவா என்று பொதுமக்களிடமே கேட்டது. ஹார்வர்ட் திரைப்பட ஆவணகத்தில் ஒரு 35 மி.மீ. பிரதி இருப்பது தெரிந்தது. அதைச் சுத்தம் செய்து, ஹார்டியின் ஒப்புதலோடு ‘ஃபைனல் கட்’ என்று வெளியிட்டார்கள். தீவில் முதல் இரவு ஜன்னலுக்குக் கீழே லீ நிற்க, மேலே விடுதிப் பெண்ணிடம் ஒரு இளைஞன் அனுப்பப்பட, மதுக்கடையில் எல்லோரும் மெதுவாகப் பாடும் காட்சி நல்ல தரத்தில் திரும்பியது இதில்தான். வெட்டிய வடிவத்தில் இந்த இரவே கிடையாது. லீ வெகு நேரம் கழித்துத்தான் தலைகாட்டுவார்.

முதல் தடவை பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது அந்த 2013 வடிவத்தை. அது பிடித்துப்போனால் கோர்மன் பிரதியின் வழியாக வந்த 99 நிமிட வடிவத்தையும் தேடிப் பாருங்கள். சேர்த்த இடங்களில் நிறம் மங்கும், படம் தேய்ந்து தெரியும். ஆனால் ஹௌவி தன் சொந்த ஊர்க் காவல் நிலையத்தில் எப்படி இருந்தார், கூட வேலை செய்பவர்கள் அவரைப் பற்றி முதுகுக்குப் பின்னால் என்ன பேசிச் சிரித்தார்கள் என்பதெல்லாம் அதில் மட்டும்தான் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு, தீவுக்கு வருவதற்கு முன்பே அந்த மனிதர் எவ்வளவு தனியாள் என்று தெரிந்துவிடுகிறது.