மார்பர்க்கு மேசையும் ஒரு வினைச்சொல்லும்

கிறித்தவ வழிபாட்டில் சிறு துண்டு அப்பமும் சிறிது திராட்சை இரசமும் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. கத்தோலிக்கர் இதனை நற்கருணை என்பர். புராட்டஸ்டண்டு சபையார் பலர் திருவிருந்து என்பர். ஒன்றிப்புக்கென ஏற்பட்ட இவ்விருந்தே பிரிவுக்கும் காரணமாயிற்று. அது நேர்ந்த வரலாறு அறியத்தக்கது.

இயேசு பெருமான் தம் இறுதி இரவுணவில் அப்பத்தைத் தம் உடலென்றும், இரசத்தைத் தம் குருதியென்றும் மொழிந்தார். இம்மொழியின் பொருள் யாது? அப்பத்தின் தோற்றமும் சுவையும் மாறாதிருக்க, உட்பொருள் மட்டும் கிறித்துவின் உடலாகவே மாறிவிடுகிறது என்பது கத்தோலிக்கர் கொள்கை. 1215-ஆம் ஆண்டு கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம் இம்மாற்றத்தை எடுத்துரைத்தது.

மார்ட்டின் லூத்தர் இவ்விளக்கத்தை ஏற்றாரல்லர். அப்பம் அப்பமாகவே இருக்கிறது. ஆயினும் கிறித்துவின் உடலும் அதனோடு மெய்யாகவே உளது என்றார் அவர். சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தவாதியான சுவிங்கிலியோ, விண்ணகம் சென்ற உடல் பல பீடங்களில் இருத்தல் எங்ஙனம் என வினவினார். அப்பம் ஓர் அடையாளம், விருந்து ஒரு நினைவு என்றார்.

பேரரசர் ஐந்தாம் சார்லசை எதிர்த்து நிற்கச் சீர்திருத்தவாதிகளின் ஒற்றுமை இன்றியமையாதது என உணர்ந்த ஹெஸ்ஸே நாட்டு ஆட்சியாளர் பிலிப்பு, 1529 அக்டோபரில் இருவரையும் தம் மார்பர்க்குக் கோட்டைக்கு அழைத்தார். வாதம் ஒரு வினைச்சொல்லைப் பற்றி நின்றது. 'இவன் என் தம்பி' எனத் தமிழில் வினையின்றியே கூறுகிறோம்; இலத்தீனிலோ இரு பெயர்களையும் இணைக்க ஒரு வினை வருகிறது. அவ்வினைக்குக் 'குறிக்கிறது' என்பதே பொருள் என்றார் சுவிங்கிலி. லூத்தரோ அவ்விலத்தீன் தொடரை மேசைமேல் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்து, அதனின்று சிறிதும் பிறழேன் என நின்றார்.

வரையப்பட்ட பதினைந்து கூறுகளுள் பதினான்கில் இருவரும் உடன்பட்டனர். பதினைந்தாவதில், அப்பத்தில் உடல் உளதா என்பது ஒன்றே தீரவில்லை. சுவிங்கிலி கண்ணீர் மல்கினார். லூத்தர் அவரைச் சகோதரராக ஏற்க மறுத்தார். பிலிப்பு நாடிய கூட்டணி உருவாகவில்லை. இரண்டாண்டு கழித்து, 1531-இல் காப்பெல் போரில் சுவிங்கிலி மாண்டார்.

இதனை வெறும் சொற்போர் என இகழ்தல் தகாது. இறைவன் அடியாரிடம் எவ்வளவு நெருங்கி வருகிறார் என்பதே அங்கு எழுந்த வினா. லூத்தர் அந்நெருக்கத்தை விட்டுக்கொடார். சுவிங்கிலியோ, படைக்கப்பட்ட பொருளுக்கு இறைவனுக்குரிய வணக்கம் செல்லுதல் கூடாதென அஞ்சினார்.

1973-ஆம் ஆண்டு, லூத்தரன் சபைகளும் சீர்திருத்தச் சபைகளும் லாய்ன்பெர்க்கு உடன்படிக்கையால் ஒரே திருவிருந்தில் அமர இசைந்தன. மார்பர்க்கில் எழுந்து பிரிந்தவர்தம் வழிவந்தோர் மீண்டும் ஒரு மேசையை அடைய 444 ஆண்டுகள் ஆயின. கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டு சபையாருக்கும் பொதுவான மேசை இன்னும் அமையவில்லை.